பேச்சின் நடுவே ஒரு குரல்



மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். பின்வரிசையிலிருந்து திடீரென்று ஒரு குரல் எழுகிறது: "போன வருஷமும் இதைத்தானே சொன்னீங்க! என்ன ஆச்சு?" கூட்டத்தில் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். பேச்சாளருக்கு முகம் சிவந்துவிடுகிறது. கையிலுள்ள தாள் நடுங்குகிறது. அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகிறது. இந்த நிலையில் அவர் என்ன செய்ய வேண்டும்? இதுதான் இன்று நாம் பேசப்போகும் பொருள்.

"இது எங்களுக்கு எதற்கு? நாங்கள் என்ன மேடைப் பேச்சாளர்களா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். திருவிழாவுக்கு முன் கோயில் கமிட்டிக் கூட்டம். தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். தொழிற்சங்கக் கிளைக் கூட்டம். மரண சகாய நிதிக்கு ஒரு கூட்டம், இளைஞர் மன்றத்துக்கு ஒரு கூட்டம். குளுவாங், லாபிஸ், சிகாமட், ரெங்கம், கூலாய் பக்கத்துத் தோட்டங்களிலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து நம்மவர்கள் குடியேறியிருக்கும் தாமான்களிலும் சரி, ஆண்டுக்குச் சில தடவையாவது நம் குடும்பத்தில் ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. அந்த நாலு வார்த்தைக்கு நடுவில்தான் குறுக்கீடு வருகிறது.

அது சிறிய விஷயமும் அல்ல. ஒரு தோட்டம் கைமாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லயத்து வீடுகளைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. மாற்று வீட்டுக்கு என்ன வழி, கோயிலும் பள்ளியும் என்னாகும் என்று பேசுவதற்காக மக்கள் கூடியிருக்கிறார்கள். பேச்சு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஒருவர் குறுக்கே கத்துகிறார், மேடையிலிருப்பவர் பதிலுக்குக் கத்துகிறார், நாற்காலிகள் நகர்கின்றன, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அன்று எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. யாருக்கு நஷ்டம்? கத்தியவருக்கும் நஷ்டம், பேசியவருக்கும் நஷ்டம். நோட்டீசில் போட்டிருக்கும் தேதி மட்டும் தள்ளிப்போகாது. ஆகவே, குறுக்கே வரும் குரலைக் கையாளத் தெரிந்துகொள்வது, குடியிருக்கும் வீட்டைக் காப்பாற்றும் வேலையில் ஒரு பகுதி.

முதலில், குறுக்கே பேசுபவர் யார் என்று பார்ப்போம். அவரை நாம் உடனே எதிரியாக எண்ணிவிடுகிறோம். ஆனால் கூட்டத்தில் இடைமறித்துக் கேட்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 'ஹெக்லர்' என்பது அந்தச் சொல். ஸ்காட்லாந்தில் டன்டீ என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. நூல் நூற்பதற்காக ஆளிச் செடியின் நாரைச் சீவிச் சிக்கெடுக்கும் தொழில் முன்பு அங்கே நடந்தது. இரும்புப் பற்கள் வைத்த அந்தச் சீப்புக்கு 'ஹெக்கிள்' என்று பெயர். அதைக் கொண்டு நாரைச் சீவும் தொழிலாளியே 'ஹெக்லர்'. வேலை நடக்கும்போது அவர்களில் ஒருவர் அன்றைய செய்தித்தாளை உரக்கப் படிப்பாராம். மற்றவர்கள் கை ஓயாமல் நாரைச் சீவிக்கொண்டே, "அது எப்படி? இது என்ன நியாயம்?" என்று இடையிடையே கேட்டு வாதாடுவார்களாம். பின்னாளில் கூட்டங்களில் பேச்சாளரை மடக்கிக் கேள்வி கேட்பவர்களுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

ஆக, அந்தப் பெயரைப் பெற்ற முதல் மனிதர்கள் உங்களையும் என்னையும் போன்ற தொழிலாளர்கள். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் பத்திரிகையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் குறுக்குக் கேள்விகள் பறந்திருக்கும். சீப்பு நாரைப் பிய்ப்பதற்காக ஏற்பட்டதல்ல, சிக்கெடுப்பதற்காக ஏற்பட்டது. கூட்டத்தில் எழும் கேள்வியும் பெரும்பாலும் அப்படித்தான். இந்த எண்ணம் மனத்தில் இருந்தால் குரல் எழுந்தவுடன் கோபம் வராது.

குறுக்கீடுகள் எல்லாம் ஒரே வகையல்ல. யாருடைய குற்றமும் இல்லாமல் வருபவை சில உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

தகரக் கூரைமேல் மழை கொட்டுகிறது. அந்தச் சத்தத்தோடு தொண்டை போட்டியிட முடியாது. பேச்சை நிறுத்துங்கள். "எல்லாரும் கொஞ்சம் முன்னால் நெருங்கி உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். மழை தணிந்ததும், நிறுத்துவதற்கு முன் சொன்ன கடைசிக் கருத்தை ஒரு வரியில் மறுபடியும் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

பக்கத்துச் சூராவிலிருந்து பாங்கு ஒலி கேட்கிறது. அது முடியும்வரை பேசாமல் நிற்பது நம் நாட்டு மரியாதை. அந்தச் சில நிமிடங்களில் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று குறிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தை அழுகிறது. அந்தத் தாயை முறைத்துப் பார்க்காதீர்கள். "பிள்ளையை வெளியே கொண்டு போம்மா" என்று மைக்கில் சொல்லாதீர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் அவர் பிள்ளையோடு வந்திருக்கிறார். இன்று அவமானப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். ஒரு கணம் பொறுத்தால் பிள்ளை தானே அடங்கிவிடும்.

மைக் 'கீ' என்று அலறுகிறது. இதற்குக் காரணம் எளியது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்பவும் மைக்குக்குள் போகிறது. அது பெரிதாகி மறுபடியும் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து அலறலாகிறது. ஸ்பீக்கர் பெட்டிகளைப் பேசுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் அலறினால் சத்தத்தைச் சிறிது குறைக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்தக்கூடாது. பொத்தினால் பெரும்பாலும் அலறல் கூடும்.

இன்னொன்றும் நம் கூட்டங்களில் சகஜம். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பிரமுகர் ஒருவர் வந்து இறங்குவார். மாலையோடு நாலு பேர் ஓடுவார்கள். கூட்டம் முழுவதும் வாசல் பக்கம் திரும்பிவிடும். இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். யார் வந்தாலும் பேசுகிறவர் தம் வாக்கியத்தை முடிப்பார். தலைவர் ஒரே வரியில் வரவேற்பார். மாலை மரியாதை பேச்சு முடிந்த பிறகு. இதைப் பிரமுகரின் ஆட்களிடமே முன்பு சொல்லிவிட்டால் வருத்தத்துக்கு இடமில்லை.

இனி, மனிதர் குரலுக்கு வருவோம். நல்ல எண்ணத்தோடு எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பாரத்தை எங்கே கொடுக்கணும்?" "எத்தனை வெள்ளின்னு சொன்னீங்க, சரியாக் கேட்கல." இப்படிப்பட்ட சின்னக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட வேண்டும். "கடைசியில் கேளுங்கள்" என்று தள்ளிவைத்தால், அவர் அதையே நினைத்துக்கொண்டு மீதிப் பேச்சைக் கேட்கமாட்டார். நீண்ட பதில் வேண்டிய கேள்வியாக இருந்தால் மட்டும் தள்ளிவையுங்கள். அதற்கும் ஒரு முறை உண்டு.

நம் நாடாளுமன்ற விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஓர் உறுப்பினர் பேசும்போது இன்னொருவர் எழுந்து "மின்தா லாலுவான்" என்பார். வழி விடுங்கள் என்று கேட்கிறார். பேசுகிறவருக்கு விருப்பமிருந்தால் உட்கார்ந்து வழி விடுவார். எழுந்தவர் தம் ஐயத்தைக் கேட்பார். பிறகு முன்னவர் எழுந்து தம் பேச்சைத் தொடர்வார். வழி விட்டதால் அவர் தம் பேச்சை இழந்துவிடவில்லை. விட்ட வழி அவருக்கே திரும்பி வருகிறது. கூட்டத்தில் பேசும் நாமும் கற்க வேண்டியது இதுதான்: கேட்பவருக்கு வழி விட வேண்டும், நம் வழியையும் தொலைத்துவிடக்கூடாது.

அதைச் செய்யும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். குரல் எழுந்தவுடன் பேச்சை நிறுத்துங்கள். எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ, குறிப்புத் தாளில் அந்த வரியில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவரின் முகத்தைப் பார்த்து முழுவதும் கேளுங்கள், பாதியில் வெட்டாதீர்கள். பிறகு அவர் கேட்டதை மைக்கில் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: "அண்ணன் கேட்கிறார், போன வருஷம் கட்டிய பணத்துக்கு ரசீது எங்கே என்று." இப்படிச் சொல்வதால் மூன்று நன்மைகள் உண்டு. பின்னால் இருப்பவர்களுக்கும் கேள்வி விளங்கும். கேட்டவருக்குத் தம்மை மதித்தார்கள் என்ற நிறைவு வரும். உங்களுக்கும் யோசிக்கச் சிறிது நேரம் கிடைக்கும். அடுத்து, பதிலைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது; கேட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, எல்லார் முன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் சொல்லுங்கள். அதன் பிறகு விரல் வைத்த இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள்.

பணத்தைப் பற்றிய கேள்வி என்றால் நம்மவர்கள் சிலர், "என்மேல் சந்தேகமா?" என்று துள்ளிவிடுகிறார்கள். அது தவறு. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித்தான் அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கும் நிலைக்கு வளர்ந்தது. வியர்வை சிந்திச் சம்பாதித்த பத்து வெள்ளியைக் கொடுப்பவர், "என் காசுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்பதில் என்ன குற்றம்? கணக்குக் கேட்பது சந்தேகமல்ல. அது உறுப்பினரின் உரிமை. பதில் சொல்வது பொறுப்பாளரின் கடமை.

அடுத்தது, கோபத்தோடு வரும் குரல். இதுதான் கடினமானது. முன்பு சொன்ன வீட்டுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதே தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் எழுந்து கேட்கிறார்: "போன வருஷம் கையெழுத்து வாங்கினீங்களே, அந்த மகஜர் எங்கம்மா போச்சு? நீயெல்லாம் பட்டணத்துக்குப் போயிட்ட. எங்க கஷ்டம் உனக்கு என்ன தெரியும்?"

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கேள்வி: மகஜர் என்ன ஆயிற்று? மற்றொன்று குத்தல்: உனக்கு என்ன தெரியும்? அனுபவமில்லாதவர் குத்தலுக்குப் பதில் சொல்லப் போவார். "நான் ஏன் பேசக்கூடாது? என் அப்பாவும் இங்கேதானே மரம் வெட்டினார்?" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு வீட்டைப் பற்றியதாக இராது, இருவரையும் பற்றியதாகிவிடும். விவரமுள்ளவர் குத்தலை விட்டுவிட்டுக் கேள்வியை எடுத்துக்கொள்வார்: "தாத்தா சொல்றது சரி. நான் இப்ப இங்க இல்ல. மாசாமாசம் இந்தக் கஷ்டத்தைப் படறது நீங்கதான். மகஜர் பத்தி எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு: கொடுத்தாச்சு, பதில் வரல. ஏன் வரலன்னு கேட்க நாலு பேர் போகணும். அந்த நாலு பேர்ல தாத்தாவும் ஒருத்தரா வரணும்." கேட்டவரிடமே ஒரு வேலையை ஒப்படைத்தாகிவிட்டது. சொன்னதில் உண்மை இருக்குமிடத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது. கோபத்துக்கு அதற்குமேல் விறகு கிடையாது.

குறுக்கீட்டைத் தாங்கும் பொறுமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மகாத்மா காந்தியின் வாழ்க்கையில் மூன்று நிகழ்ச்சிகள் உண்டு.

முதல் நிகழ்ச்சி 1916-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் காசியில் நடந்தது. இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாக்களை ஒட்டிய ஒரு கூட்டம். மேடையில் மகாராஜாக்கள் நகைகளோடு அமர்ந்திருந்தார்கள். காந்தி கோயில் தெருவின் அசுத்தத்தைப் பற்றியும், மன்னர்களின் ஆடம்பரத்தைப் பற்றியும், வெடிகுண்டு வழியில் போன இளைஞர்களைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேசினார். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவியாக இருந்த அன்னி பெசன்ட் அம்மையாரும் மேடையில் இருந்தார். பேச்சை நிறுத்தும்படி அவர் குறுக்கிட்டார். கூட்டத்திலிருந்தவர்களோ தொடரும்படி குரல் கொடுத்தார்கள். காந்தி அம்மையாரோடு வாதாடவில்லை. கூட்டத்தைத் தூண்டிவிடவும் இல்லை. தலைமை வகித்த தர்பங்கா மகாராஜாவின் பக்கம் திரும்பி, அவருடைய உத்தரவுக்காகக் காத்து நின்றார். நோக்கத்தை விளக்கும்படி தலைவர் சொன்ன பிறகே தொடர்ந்தார். பின்னர் மேடையிலிருந்தவர்கள் எழுந்துபோக, கூட்டம் பாதியிலேயே முடிந்தது. முடிந்தாலும், காந்தி தலைவரின் சொல்லை மீறவில்லை. கூட்டத்தை நடத்துவது தலைவரின் வேலை. பேசுவதுதான் பேச்சாளரின் வேலை. இரண்டையும் ஒருவரே செய்யப் போனால் சண்டை வரும்.

இரண்டாவது 1947 ஏப்ரலில், டில்லியில். காந்தியின் மாலைப் பிரார்த்தனையில் எல்லா மதத்து வேதங்களிலிருந்தும் ஓதுவார்கள். நாட்டில் கலவரம் பற்றி எரிந்த நேரம் அது. குர்ஆன் ஓதத் தொடங்கியபோது ஒரு சிலர் எழுந்து தடுத்தார்கள். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் காந்தியின் பக்கம். தடுத்தவர்களைத் தூக்கி வெளியே விட்டிருக்கலாம். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஒருவர் மறுத்தாலும் பலத்தைக் காட்டி நடத்துவதில்லை என்று பிரார்த்தனையையே நிறுத்தினார். அடுத்தடுத்த நாட்களிலும் வந்து, முதலில் மறுப்பு உண்டா என்று கேட்டார். சில நாட்களில் மறுப்பு நின்றது. பிரார்த்தனை முழுமையாக நடந்தது.

மூன்றாவது 1948 ஜனவரி 20. அதே டில்லியில், பிர்லா மாளிகைத் தோட்டத்தில் காந்தி பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குண்டு வெடித்தது. மக்கள் பதறினார்கள். அவர் அவர்களை அமைதிப்படுத்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். குண்டு வைத்த இளைஞன்மேல் வெறுப்புக் கொள்ள வேண்டாம் என்று மறுநாள் கேட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்து, ஜனவரி 30-ஆம் தேதி, அதே இடத்தில் சுடப்பட்டு இறந்தார்.

காந்தியைப்போல் நாம் எல்லாரும் ஆகிவிட முடியாது. ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூன்று தடவையும் அவர் குரலை உயர்த்தவில்லை, குறுக்கிட்டவரைச் சிறுமைப்படுத்தவில்லை, தாம் சொல்ல வந்ததையும் கைவிடவில்லை.

சிரிக்க வைத்துச் சமாளிப்பது இன்னொரு வழி. இதில் வல்லவர் திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள். 1906-இல் வேலூருக்கு அருகே காங்கேயநல்லூரில் பிறந்து, 1993-இல் மறையும்வரை ஊர் ஊராகச் சொற்பொழிவு ஆற்றியவர். அவர் பேச்சைக் கேட்ட பெரியவர்கள் நம் நாட்டிலும் உண்டு. சிறுவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, பேச்சின் நடுவே கேள்வி கேட்டு, சரியான பதில் சொன்னவர்களுக்குச் சிறு புத்தகங்களைப் பரிசாகக் கொடுப்பார். சத்தம் போடக்கூடிய பிள்ளைகளே கவனித்துக் கேட்கும் பிள்ளைகளாகிவிடுவார்கள். ஒரு முறை அவர் இராமாயணம் சொல்லிக்கொண்டிருந்தபோது சிலர் எழுந்து நடந்தார்களாம். அப்போது அவர், அனுமனுக்கு 'சொல்லின் செல்வன்' என்று பெயர். இங்கேயும் சில 'சொல்லின் செல்வர்கள்' இருக்கிறார்கள், நான் சொன்னால் அவர்கள் செல்வார்கள் என்றாராம். போனவர்களும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. வாரியார் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. யாருடைய உடலையும் சாதியையும் வறுமையையும் கேலி செய்யவில்லை. ஒருவரைக் காட்டிச் சிரிக்க வைத்தால் கூட்டம் அந்த நிமிடம் சிரிக்கும். சிரிக்கப்பட்டவரும் அவர் குடும்பமும் அதைப் பல ஆண்டுகள் மறக்கமாட்டார்கள். தோட்டத்தில் நாளைக் காலை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

குடித்துவிட்டு வந்து கத்துபவரை என்ன செய்வது? அவரோடு மைக்கில் வாதம் வேண்டாம். மது பேசும்போது நியாயம் ஏறாது. அவருடைய மைத்துனரோ, கூட்டாளியோ, அவர் மதிக்கும் பெரியவரோ யாராவது கூட்டத்தில் இருப்பார். அவர் தோளில் கைபோட்டு மெதுவாக வெளியே அழைத்துச் செல்லட்டும். பலர் சேர்ந்து இழுத்தால் அடிதடியாகும். மறுநாள் தெளிந்திருக்கும்போது செயலாளர் அவரைச் சந்தித்து, "நேத்து என்னமோ சொல்ல வந்தீங்களே அண்ணே, என்ன?" என்று கேட்பது நல்லது. சில சமயம் அவர் சொல்ல வந்ததில் நியாயம் இருக்கும்.

கூட்டத்தைக் குலைப்பதற்கென்றே வந்து ஓயாமல் குறுக்கிடுபவரும் உண்டு. அங்கே பேச்சாளர் ஒதுங்கித் தலைவர் முன்வர வேண்டும். ஒருவருக்கு ஒரு கேள்வி, கேள்விக்கு இரண்டு நிமிடம் என்று விதியைச் சொல்ல வேண்டும். அந்த விதி அவருக்கு மட்டுமின்றித் தலைவரின் சொந்தக்காரருக்கும் பொருந்த வேண்டும். ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு நியாயம் என்றால் விதிக்கு மதிப்பில்லை. விதியைச் சொல்லியும் கேட்காவிட்டால், கூட்டத்தைப் பத்து நிமிடம் ஒத்திவைப்பது நல்ல உபாயம். தேநீர் ஒரு கோப்பை இறங்கினால் சூடும் இறங்கும்.

பெண்கள் பேசும்போது வரும் குறுக்கீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து சமைத்துவிட்டு, ஆண்களுக்குச் சமமாகக் காட்டில் வேலை செய்தவர்கள் நம் பெண்கள். தண்ணீர்க் குழாயும், வீட்டுக் கூரையும், பள்ளிப் பேருந்தும் அவர்கள் நாள்தோறும் படும் பாடு. ஆனால் அவர்கள் எழுந்து பேசினால், "உக்காரும்மா, ஆம்பளைங்க பேசட்டும்" என்று ஒரு குரல் வருகிறது. இதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "அம்மா பேசி முடிக்கட்டும், பிறகு உங்கள் முறை" என்று தலைவர் உடனே சொல்ல வேண்டும். தலைவர் சொல்லத் தவறினால் கணவரோ, அண்ணனோ, பக்கத்தில் இருப்பவரோ சொல்லலாம். பேசும் சகோதரிக்கு என் யோசனை ஒன்று: உட்காராதீர்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம். சத்தம் அடங்கும்வரை நின்று, விட்ட வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள்.

வந்த பிறகு சமாளிப்பதைவிட வராமல் பார்த்துக்கொள்வது மேல். குறுக்கீடுகளில் பாதி நாமே வரவழைப்பவை. பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் சத்தம் வரும். நாள் முழுதும் செம்பனைக் குலை வெட்டியவரையும், விடியற்காலை பால் வெட்டப் போக வேண்டியவரையும் இரவு பத்தரை மணிவரை உட்கார வைத்தால் சத்தம் வரும். அரை மணி நேரம் என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் பேசினால் சத்தம் வராமல் என்ன செய்யும்? ஆகவே எத்தனை மணிக்கு முடியும், எப்போது கேள்வி கேட்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி முடியுங்கள்.

துண்டுச் சீட்டு முறையும் நல்லது. தந்தை பெரியார் தம் கூட்டங்களில் கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லி, பதில் சொல்வது வழக்கம். 1929 இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்தபோது அவர் வருகையை வரவேற்றவர்களும் இருந்தார்கள், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். எதிர்ப்பவருக்கும் கேட்க ஒரு வழி இருந்தால் அவர் கல்லை எடுக்க வேண்டியதில்லை. நம் கூட்டத்திலும் நாலைந்து பென்சிலும் கொஞ்சம் தாளும் வைக்கலாம். எழுதத் தெரியாத பாட்டிமாருக்குத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். எழுந்து கேட்கக் கூச்சப்படுபவர்களின் மனத்திலுள்ளதும் அப்போது மேடைக்கு வந்து சேரும்.

திருவள்ளுவர் பேச்சைப் பற்றிச் சொல்லும்போது 'அவை அறிதல்' என்ற அதிகாரத்தை 72-ஆவதாகவும், 'அவை அஞ்சாமை' என்பதை 73-ஆவதாகவும் வைத்திருக்கிறார். முதலில் கூட்டத்தை அறிந்துகொள்; பிறகு அஞ்சாமல் பேசு என்பது அந்த வரிசையிலேயே விளங்குகிறது அல்லவா? எதிரே இருப்பவர்களின் பசி, களைப்பு, கவலை இவற்றை அறிந்தவருக்கு அவர்கள் குரல் எழுப்பும்போது அச்சம் ஏற்படாது.

இது பழக்கத்தால் வருவது. கூட்டத்துக்கு முந்திய இரவு, நீங்கள் பேசப்போவதை வீட்டில் ஒரு முறை பேசிப் பாருங்கள். மகனையோ மகளையோ வேண்டுமென்றே குறுக்கே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நிறுத்துவது, முழுதும் கேட்பது, திருப்பிச் சொல்வது, பதில் சொல்வது, விட்ட இடத்துக்குத் திரும்புவது, இந்த ஐந்தையும் நாலு தடவை செய்து பார்த்தால் மறுநாள் கை நடுங்காது. உங்கள் பிள்ளைக்கும் பெரியவர்களிடம் மரியாதையோடு கேள்வி கேட்கத் தெரிந்துவிடும். நாளை அந்தப் பிள்ளை மேடையில் நிற்கும்போது அது உதவும்.

கூட்டம் கலைந்தால் கோரிக்கையும் கலைந்துபோகும். குறுக்கே ஒரு குரல் எழுந்தால், நம்மோடு அக்கறை கொண்ட இன்னொருவர் வழி கேட்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். வழி விடுவோம். பிறகு சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்போம்.